‘இடமில்லை’ என்கிற கோர்ஸில் இடம் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் இரண்டாம் வாரம். சென்னையில் ஏறி, நடுவில் ஒரு விமானம் மாறி, அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழக ஊரில் போய் இறங்குகிறான் எம்.எஸ். படிக்க வந்த பையன். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் முதலில் லேப்டாப்பைத் திறக்கிறான். மெஷின் லேர்னிங்: இடமில்லை. டேட்டாபேஸ்: இடமில்லை, வெயிட்லிஸ்டில் ஏற்கெனவே 41 பேர். காலியாக இருக்கும் ஒரே பாடத்துக்கும் அவன் படிக்க வந்த துறைக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்கு ஃபோன் போட்டு “சீட் கிடைக்கலப்பா” என்கிறான். “என்னடா சொல்ற? சீட்டுதான் மார்ச்லயே வந்துடுச்சே?” என்று அப்பா பதறுகிறார்.

அப்பாவின் குழப்பம் நியாயமானது. நம் ஊரில் சீட் என்பது ஒருமுறை வாங்குவது. கவுன்சலிங்கில் கல்லூரியும் பிரிவும் கிடைத்துவிட்டால் அப்புறம் கவலையில்லை. எந்த செமஸ்டரில் எந்தப் பேப்பர் என்பதை நோட்டீஸ் போர்டு சொல்லிவிடும். வகுப்பில் இருக்கும் 60 பேருக்கும் பெரும்பாலும் ஒரே டைம்டேபிள். எலெக்டிவ் என்று இரண்டு மூன்று வரும், அதிலும் துறையே பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் அட்மிஷன் கிடைப்பது வளாகத்துக்குள் நுழைய மட்டும்தான். ஒவ்வொரு செமஸ்டரும், ஒவ்வொரு பாடத்துக்கும், தனித்தனியாகச் சீட் பிடிக்க வேண்டும். அது தெரியாமல் போய்ச் சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தன். அந்த முதல் இரண்டு வாரம் யாராவது இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ‘கோர்ஸ் நிறைந்துவிட்டது’ என்பதற்கு ஒரே அர்த்தம் கிடையாது. போர்ட்டலில் அது ஒரே வார்த்தையாகத் தெரியும். அதன் பின்னால் இருக்கும் காரணம் பாடத்துக்குப் பாடம் மாறும். காரணம் மாறினால், போய்க் கேட்க வேண்டிய ஆளும் மாறுவார்.

எல்லோரும் முதலில் நினைப்பது அறையின் அளவு. அதுவும் உண்மைதான். தீயணைப்பு விதிப்படி ஒவ்வொரு அறைக்கும் இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கிறது. சுவரோரம் நாற்காலி போட்டுக்கொள்கிறேன் என்றால் விடமாட்டார்கள். ஆனால் பெர்க்லியின் சி.எஸ். 61ஏ பாடத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் அந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸின் முதல் பாடம் அது. சில செமஸ்டர்களில் 1,500 பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். அந்த வகுப்பு நடக்கும் வீலர் அரங்கத்தில் ஏறக்குறைய 700 பேர்தான் உட்கார முடியும். மீதிப் பேர் வீடியோவில் பார்த்துக்கொண்டார்கள். ஆக, அறையை மீறியும் பாடம் நடக்கும். அப்படியானால் அந்த எண்ணிக்கையை எது கட்டுப்படுத்துகிறது?

டி.ஏ.க்கள். டீச்சிங் அசிஸ்டென்ட் என்கிற அந்த மாணவ உதவியாளர்கள்தான் சின்னச் சின்னக் குழுவாக வகுப்பெடுக்கிறார்கள், வீட்டுப்பாடம் திருத்துகிறார்கள், நள்ளிரவில் வரும் சந்தேகத்துக்குப் பதில் எழுதுகிறார்கள். நாற்காலிக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும், டி.ஏ.வுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். பெர்க்லியில் கம்ப்யூட்டர் துறை, இளங்கலை மாணவர்களையே வாரம் 8 மணி நேரக் கணக்கில் ஏராளமாக டி.ஏ.வாக எடுத்துத்தான் அவ்வளவு பெரிய வகுப்புகளை ஓட்டியது. 8 மணி நேரம் என்று வைத்ததால் அவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை தர வேண்டியதில்லை என்றிருந்தது. தொழிற்சங்கம் அதை மத்தியஸ்தருக்குக் கொண்டுபோனது. 2020 ஜனவரியில் மத்தியஸ்தர் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 50 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று ஆனது. டி.ஏ.க்களுக்கு அது நியாயமான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு சீட்டின் உண்மையான விலை என்ன என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. ‘இன்னும் 50 பேரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?’ என்று நாம் சாதாரணமாகக் கேட்கிறோம். அந்த 50 பேரின் விடைத்தாளை யார் திருத்துவது, திருத்துபவர்களுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்பது அதற்குள் இருக்கும் கேள்வி.

இதற்கு இன்னும் தெளிவான சாட்சி ஜார்ஜியா டெக். 2014 ஜனவரியில் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முழுக்க ஆன்லைன் எம்.எஸ். தொடங்கினார்கள். மொத்தப் படிப்புக்கும் சுமார் 7,000 டாலர்தான் என்பதால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இப்போது ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் படிக்கிறார்கள். பாடமெல்லாம் முன்கூட்டியே பதிவுசெய்த வீடியோ. அறையும் இல்லை, நாற்காலியும் இல்லை. அங்கேயும் கோர்ஸ்கள் நிறைகின்றன! அல்காரிதம்ஸ் பாடத்தைப் பட்டம் முடிக்கப்போகும் கடைசி செமஸ்டர்களில்தான் பலரால் பிடிக்க முடிகிறது. வீடியோவை எத்தனை லட்சம் பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒருவர் எழுதிய நிரூபணம் சரியா தப்பா என்று படித்துப் பார்த்து மதிப்பெண் போட ஒரு மனிதர் உட்கார வேண்டும். பல்கலைக்கழகம் விற்பது பெரும்பாலும் அந்த மனிதரின் நேரத்தைத்தான் என்று எனக்குப் புரிந்தது இந்த ஆன்லைன் படிப்பைப் பார்த்த பிறகு.

மூன்றாவது வகை நிறைவு கொஞ்சம் வேறு மாதிரி. போர்ட்டலில் 120 சீட், 97 பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் சேர முடியாது. மீதி 23 சீட் யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கிறது: அந்தத் துறை மாணவர்களுக்கு, கடைசி வருடத்தவர்களுக்கு, அடுத்த வாரம் ஓரியன்டேஷனுக்கு வரப்போகும் புது மாணவர்களுக்கு. ரயிலில் கோட்டா மாதிரிதான். ரயிலைப் போலவே, அந்த ஒதுக்கீடு குறிப்பிட்ட தேதியில் விலகி மிச்சமுள்ள இடம் பொதுவுக்கு வரும். அந்தத் தேதியைத் துறை அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

சரி, ஏன் நாம் எப்போதும் கடைசியில் போய் நிற்கிறோம்?

சீனியாரிட்டி ஒரு காரணம். ஆகஸ்டில் தொடங்கும் இலையுதிர் செமஸ்டருக்கான பதிவு பல இடங்களில் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். யார் எத்தனை கிரெடிட் முடித்திருக்கிறார்களோ அந்த வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி, ஒரு நேரம். பட்டத்தை நெருங்குபவருக்கு முன்னுரிமை தருவது சரிதான். ஒரு பாடம் கிடைக்காமல் அவர் இன்னொரு செமஸ்டருக்குப் பணம் கட்டக்கூடாது. ஆனால் புதிதாக வருபவர் பெயர் அந்த வரிசையில் கடைசியில்தான் இருக்கும்.

அடுத்தது ‘ஹோல்ட்’. தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று வந்து சேரவில்லை, இறுதி மார்க் ஷீட் தபாலில் இருக்கிறது, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் வந்து பாஸ்போர்ட் காட்டவில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது தீரும்வரை பதிவுசெய்யும் பட்டனே வேலை செய்யாது. ஊரில் இருக்கும்போதே தடுப்பூசிச் சான்றை டாக்டரிடம் கையெழுத்து வாங்கி அப்லோட் செய்தால் பத்து நாள் மிச்சமாகும். பாத்திரம் பண்டம், பருப்புப் பொடி எல்லாம் பட்டியல் போட்டு வாங்கும் வீட்டில் இந்த ஒரு காகிதம் விட்டுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது விசா. 2025 மே மாதக் கடைசியில் அமெரிக்கா புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவதை உலகம் முழுவதும் நிறுத்தியது. ஜூன் 18 அன்று, சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கும் புது விதியோடு மறுபடி தொடங்கியது. இலையுதிர் செமஸ்டருக்குக் கிளம்புபவர்கள் நேரம் பிடிக்கிற சரியான சமயம் அது. அமெரிக்காவில் 2023-24இல் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வேறு எந்த நாட்டிலிருந்தும் அத்தனை பேர் இல்லை. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு மூன்று வாரம் தள்ளிப்போனால், வகுப்பு தொடங்கிய பிறகு வந்து இறங்குபவர்கள் எவ்வளவு பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

தாமதமாக வந்தால் என்ன, அடுத்த செமஸ்டர் எடுத்துக்கொள்ளலாமே என்று உள்ளூர் மாணவர் சொல்லலாம். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவரால் அப்படிச் சொல்ல முடியாது. இளங்கலை என்றால் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. முதுகலைக்குப் பல்கலைக்கழகமே எண்ணிக்கையை வைத்துக்கொள்ளலாம், பல இடங்களில் 9, அதாவது பெரும்பாலும் மூன்று பாடம். அந்த முழு எண்ணிக்கையில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. புதிதாக வந்தவரைப் படிப்பு தொடங்கும் நாளிலிருந்து 30 நாளைக்குள் செவிஸ் என்கிற அரசுப் பதிவேட்டில் பல்கலைக்கழகம் பதிவுசெய்ய வேண்டும். குறைவான பாடச்சுமைக்கு அனுமதி வாங்க ஒரு வழி உண்டு. ஆங்கிலத்தில் ஆரம்பத் திணறல், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, தகுதிக்குப் பொருந்தாத வகுப்பில் போட்டுவிட்டது போன்ற கல்விக் காரணங்களும், நோயும் அதற்குப் போதும். ‘கோர்ஸ் நிறைந்துவிட்டது’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இந்தப் பையனுக்கு இது பிடித்த பாடம் கிடைக்கவில்லை என்கிற வருத்தத்தோடு முடிவதில்லை. இரண்டு பாடம் கிடைத்து மூன்றாவது கிடைக்காவிட்டால், அந்த நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும். அதனால்தான் நம் பிள்ளைகள் சம்பந்தமில்லாத ஒரு பாடத்தையாவது முதலில் போட்டுவைத்துக்கொண்டு, அப்புறம் வேண்டியதைத் தேடுகிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெயிட்லிஸ்டுக்கு வருவோம். ரயில் டிக்கெட் எடுத்துப் பழகிய நமக்கு இது சுலபமாகப் புரியும், ஒரு வித்தியாசத்தைத் தவிர. ரயிலில் நம் முறை வந்தால் டிக்கெட் தானாகக் கன்ஃபர்ம் ஆகும். இங்கே நம் முறை வந்தும் இடம் நழுவலாம். சில பல்கலைக்கழகங்களில் சிஸ்டம் தானாகச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அந்த நொடியில் நம் கணக்கில் வேறொரு வகுப்பு அதே நேரத்தில் இருந்தால், அல்லது கிரெடிட் உச்சவரம்பைத் தாண்டுவதாக இருந்தால், சத்தமில்லாமல் நம்மைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும். வேறு சில இடங்களில் ஒரு மின்னஞ்சல் வரும். 12 மணி நேரத்துக்குள் அல்லது 24 மணி நேரத்துக்குள் நாமே போய்ச் சேர வேண்டும். என் அறைத்தோழன் மூன்றாவது ஆளாக இருந்து, முறை வந்தும் கோட்டைவிட்டான். இடம் போகக்கூடாதே என்று கையில் வைத்திருந்த உப்புச்சப்பில்லாத பாடம் செவ்வாய் மதியம் 2 மணிக்கு. காத்திருந்த பாடமும் செவ்வாய் மதியம் 2 மணிக்கு. ‘இது கிடைத்தால் அதை விட்டுவிடு’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி, ‘ஸ்வாப்’ என்ற பெயரில், அதே பக்கத்தில் கீழே இருந்தது. அந்த இரவு முழுக்க அவன் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

வெயிட்லிஸ்டில் 14 என்கிற எண்ணைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், 4 என்று பார்த்து நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம். 300 பேர் படிக்கும் வகுப்பில் முதல் இரண்டு வாரத்தில் இருபது முப்பது பேர் கழன்றுகொள்வது சாதாரணம்: முதல் அசைன்மென்ட்டைப் பார்த்துப் பயந்தவர்கள், ஐந்து பாடம் எடுத்து வைத்து நான்கைத் தேர்ந்தெடுப்பவர்கள். 15 பேர் படிக்கும் செமினாரில் ஒருவர்கூட விலகமாட்டார்.

வகுப்பு தொடங்கிய பிறகு நடப்பது, டி.டி.ஆர். பெட்டிக்குள் வந்து, வராதவர் பெர்த்தை எடுத்துக் கொடுப்பது மாதிரி. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில், அதாவது கட்டணம் குறைந்த இரண்டு வருட அரசுக் கல்லூரிகளில், இது வெளிப்படையாகவே நடக்கும். அங்கே இதை ‘கிராஷ்’ பண்ணுவது என்பார்கள்: பெயர் பட்டியலில் இல்லாமலேயே முதல் நாள் வகுப்புக்குப் போய்ச் சுவரோரம் நிற்பது. ஆசிரியர் பெயர் கூப்பிடுவார். பதில் வராத பெயரை அடித்துவிட்டு, வெயிட்லிஸ்ட் வரிசைப்படி நிற்பவர்களுக்கு ஒரு எண் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுப்பார். அந்த எண்ணைப் போர்ட்டலில் போட்டால், ‘இடமில்லை’ என்று சொன்ன அதே கோர்ஸ் திறக்கும். ஆசிரியர் வராதவர்களை நீக்கக் காரணம் இருக்கிறது. செமஸ்டரில் 20 சதவீத நாட்கள் கடந்த இடத்தில் ஒரு கணக்கெடுப்பு நாள் உண்டு. அன்று உண்மையில் படிப்பவர்கள் எத்தனை பேரோ அதை வைத்துத்தான் கல்லூரிக்கு அரசு நிதி கணக்கிடப்படும்.

அந்தக் கல்லூரிகளில்தான் நிறைந்த வகுப்பின் வலியை அமெரிக்கா வெளிப்படையாகப் பார்த்தது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் மாநிலம் நிதியை வெட்டிக்கொண்டே வந்தது. வேலை போனவர்கள் படிக்க வந்த நேரத்தில் வகுப்புகள் குறைந்தன. 2012 இலையுதிர் செமஸ்டர் தொடங்கியபோது மாநிலம் முழுவதும் 4,70,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வெயிட்லிஸ்டில் இருந்ததாகச் சமுதாயக் கல்லூரி நிர்வாகமே கணக்குச் சொன்னது. அதே வருடம் சான்டா மோனிகா கல்லூரி ஒரு யோசனையைக் கொண்டுவந்தது: நிறைந்துபோகும் பாடங்களுக்குக் கூடுதல் செக்‌ஷன் திறப்போம், ஆனால் அதற்குப் பல மடங்கு கட்டணம். ஏப்ரல் 3 அன்று அறங்காவலர் கூட்டத்துக்கு வெளியே மாணவர்கள் ‘உள்ளே விடு’ என்று திரண்டார்கள். கல்லூரிப் போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. சில நாளில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. காசுள்ளவருக்கு வகுப்பு, இல்லாதவருக்கு வரிசை என்பதை ஏற்க முடியாது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னது சரி. ஆனால் திட்டம் நின்றதால் மட்டும் வகுப்பு கூடிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பதைவிட நியாயமான வழி இருக்கிறதா என்று யோசித்தவர்கள் உண்டு. பென்சில்வேனியாவின் வார்ட்டன் பிசினஸ் பள்ளியில் ஒருகாலத்தில் மாணவர்கள் புள்ளிகளை வைத்துப் பாடங்களை ஏலம் எடுத்தார்கள். 2013இல் அதை விட்டுவிட்டு, எரிக் புடிஷ் என்கிற பொருளாதார அறிஞரின் ஆய்வை அடிப்படையாகக் கொண்ட ‘கோர்ஸ் மேட்ச்’ முறைக்கு மாறினார்கள். எந்தப் பாடம் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒவ்வொருவரும் மதிப்பெண் போட்டால் போதும். கம்ப்யூட்டர் எல்லோருக்கும் ஏறக்குறைய சமமான கற்பனைப் பணத்தைக் கொடுத்து, பாடங்களுக்கு விலை வைத்துப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் அந்தப் பணத்துக்குள் கிடைக்கக்கூடிய சிறந்த டைம்டேபிளை ஒதுக்கும். காலை 7 மணிக்கு யார் வேகமாகக் கிளிக் செய்தார் என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களும் இந்தப் பக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, நேரத்துக்கு வந்து சேர முடியாதவருக்குக் கைகொடுப்பது ப்ரொஃபசரின் அனுமதி மட்டும்தான்.

அந்த அனுமதியைக் கேட்கும் மின்னஞ்சலில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: கெஞ்சுவது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி, அவருடைய ஆராய்ச்சியைப் புகழ்ந்து ஒரு பக்கம் போகும். அவருக்கு அன்று அப்படி எண்பது வந்திருக்கும். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஐந்தே ஐந்து: நீ யார், எந்தப் படிப்பு, வெயிட்லிஸ்டில் எத்தனையாவது, இந்தப் பாடத்துக்கு முன் படித்திருக்க வேண்டியதைப் படித்திருக்கிறாயா, இந்த செமஸ்டரே ஏன் தேவை. கோர்ஸ் நம்பரையும் மாணவர் எண்ணையும் மறக்காமல் போட வேண்டும், அவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் கோட்டா காரணமாகப் பூட்டியிருந்தால் ப்ரொஃபசருக்கு எழுதிப் பயனில்லை. துறையின் அட்வைசர்தான் திறக்க முடியும். அறை காரணமென்றால் யாராலும் திறக்க முடியாது, ஒருவர் விலகினால்தான் உண்டு. டி.ஏ. காரணமென்றால் வகுப்பு தொடங்கும் வாரத்தில்கூடத் துறை இன்னொரு டி.ஏ.வை எடுத்து ஒரே நாளில் 25 சீட்டைத் திறக்கும். எந்த ‘இடமில்லை’ என்று முதலில் தெரிந்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

காத்திருக்கும் நாட்களில் வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் விடுவார்கள். வெயிட்லிஸ்டில் இருப்பவரைப் பாடத்தளத்தில் சேர்க்காவிட்டால், அசைன்மென்ட்டை மட்டுமாவது டி.ஏ.விடம் கேட்டு வாங்கிச் செய்து வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் பத்தாவது நாள் உள்ளே எடுத்தாலும் கெடு நமக்காக நகராது. இரண்டு குறைந்த மதிப்பெண்களை விட்டுக் கணக்கிடும் பாடமாக இருந்தால், அந்தச் சலுகை முழுக்கத் தாமதமாக வந்ததிலேயே தீர்ந்துபோகும். நவம்பரில் காய்ச்சல் வந்தால் ஒதுங்க இடமிருக்காது.

எனக்கு இடம் வந்தது இரண்டாவது வியாழக்கிழமை. லைப்ரரியில் உட்கார்ந்திருந்தேன், மதியம் 3 மணி இருக்கும். வெயிட்லிஸ்ட் 2 என்று இருந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன டிக். யாரோ முகம் தெரியாத இருவர் அன்று காலையில் பாடத்தை விட்டிருக்கிறார்கள். முதல் அசைன்மென்ட்டுக்குக் கெடு அன்றிரவு 11:59. நான்கு கேள்வியில் மூன்றை முந்தின வாரமே நோட்டில் போட்டு வைத்திருந்தேன்.